பாட்டு யாருக்கு? துணிக்கடை ஸ்பீக்கரின் நூறு வருஷக் கதை



தீபாவளி முடிஞ்ச வாரம் செந்துறையில் ஓபி பார்த்துட்டு இருந்தேன். இருபது சொச்சம் வயசுப் பொண்ணு ஒருத்தர் வந்தாங்க. திருச்சியில் துணிக்கடை வேலை.

"காதுக்குள்ள ஙொய்னு ஒரே சத்தம் டாக்டர். படுத்தா கடைப் பாட்டு தானா ஓடுது."

காதில் அழுக்கு இல்லை, சீழ் இல்லை. விசாரிச்சா, ஒரு மாசமா காலை 9 முதல் இரவு 10 வரை அதே பத்துப் பன்னிரண்டு பாட்டு. அவங்க நிக்கிற இடத்துக்கு நேர் மேலே ஸ்பீக்கர்.

"சத்தத்தைக் குறைக்கச் சொல்லலாமேம்மா?"

"கேட்டேன் டாக்டர். பாட்டு கஸ்டமருக்கு, உனக்கு இல்லைன்னுட்டாங்க."

இந்த ஒரு வரிக்குப் பின்னால் நூறு வருஷ வரலாறு இருக்கு. கேளுங்க.

1915 டிசம்பர் 24. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகர மன்றம் முன்னால் பெருங்கூட்டத்துக்கு ஒலிபெருக்கியில் கிறிஸ்துமஸ் பாட்டு ஒலித்தது. ஆக, ஒலிபெருக்கி பிறந்ததுமே பண்டிகைப் பாட்டோடுதான் ஊருக்குள் வந்தது.

அடுத்து, ஜார்ஜ் ஓவன் ஸ்கொயர் என்ற அமெரிக்க ராணுவ ஜெனரல் கம்பி வழியாக இசை அனுப்பும் தொழிலைத் தொடங்கினார். 1934ல் அதற்கு 'மியூசாக்' என்று பெயர் வைத்தார். பின்னாளில் அந்த நிறுவனம் அலுவலகங்களுக்கும் ஆலைகளுக்கும் 15 நிமிஷம் இசை, 15 நிமிஷம் அமைதி என்று மாறி மாறித் தந்தது.

1940 ஜூனில், போர்க்காலத்தில், பிபிசி ஆலைத் தொழிலாளர்களுக்காக ஒரு இசை நிகழ்ச்சி தொடங்கியது. தினம் இரண்டு வேளை, வேளைக்கு அரை மணி நேரம்.

கவனிச்சீங்களா? இரண்டுமே வேலை செய்றவங்களுக்கான இசை. இரண்டிலும் இடைவெளி இருந்தது.

அப்புறம் கடைகள் விழிச்சுக்கிட்டன. 1982ல் மில்லிமன் என்ற ஆய்வாளர் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் வேக இசையையும் மெதுவான இசையையும் மாற்றி மாற்றி ஓடவிட்டார். மெதுவான இசையில் மக்கள் நிதானமா நடந்தாங்க, விற்பனை 38 சதவீதம் கூடுதலாக இருந்தது. அவர் அளந்தது வாங்க வந்தவங்க நடையை. கல்லாவில் நிக்கிறவங்க காதை இல்லை.

நீங்க கடையில் ஒரு மணி நேரம் இருப்பீங்க. அவங்க பன்னிரண்டு மணி நேரம்.

இப்ப மருத்துவம். 85 டெசிபல் சத்தத்தில் 8 மணி நேரம் இருக்கலாம் என்பது ஒரு பொது வரம்பு. 3 டெசிபல் கூடினால் நேரம் பாதியாகும். 88ல் 4 மணி, 91ல் 2 மணி. உள்காதில் இருக்கும் மயிரிழைச் செல்கள் செத்துட்டா திரும்ப முளைக்காது. காது இரைச்சல்தான் பல நேரம் முதல் எச்சரிக்கை.

சட்டம்? 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் வணிகப் பகுதிக்குப் பகலில் 65 டெசிபல் என்கின்றன. அது தெருவுக்கான கணக்கு. கடை ஊழியர்கள் உட்காரும் உரிமையை கேரளா 2018லும் தமிழ்நாடு 2021லும் சட்டமாக்கின. கேட்டுக் கேட்டு, போராடித்தான் நாற்காலி வந்தது. ஆனால் அந்தத் திருத்தத்தில் காதைப் பற்றி ஒரு வரி கிடையாது.

கடை முதலாளிகளே, நாற்காலிக்காவது செலவு உண்டு. பாட்டை ஒரு மணிக்கு 15 நிமிஷம் நிறுத்த, ஸ்பீக்கரை ஆள் தலைக்கு மேலிருந்து தள்ளி வைக்க பெரிய செலவில்லை.

கடையில் வேலை பார்க்கிற தம்பி தங்கைகளே, காது இரைச்சல் இரண்டு நாளுக்கு மேல் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்க. அரசு மருத்துவமனையில் இலவசம்தான்.

வாங்கப் போகிற நீங்க, "சத்தத்தைக் கொஞ்சம் குறைங்க"ன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. அந்தப் பாட்டு உங்களுக்காகத்தானே? நீங்க சொன்னா கேட்பாங்க.

அந்தப் பொண்ணை அரியலூருக்கு செவித்திறன் பரிசோதனைக்கு அனுப்பினேன். போகும்போது கேட்டாங்க: "வேற செக்‌ஷனுக்கு மாத்தச் சொல்லி ஒரு சீட்டு எழுதித் தருவீங்களா டாக்டர்?"

எழுதிக் கொடுத்தேன். பொங்கல் சீசனுக்குத் திரும்பப் போயிட்டாங்க. சீட்டு வேலை செஞ்சுதான்னு தெரியலை.


அரசு மருத்துவர், செந்துறை