எழுதுவோர் நலனும் கலைக்களஞ்சியமும்

கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியின் வரலாற்றை ஒருவர் எழுத முற்படுகிறார் எனக் கொள்ளலாம். நாகூர் சாகுல் ஹமீது ஆண்டகையின் பெயரால் ஆண்டுதோறும் கொடியேற்றம் நிகழும் பள்ளி அது. எழுதுபவர் அவ்வூரினராயின் அவரும் ஏதோவொரு தாய்வழிக் குடியைச் சேர்ந்தவராவார். இக்கரையோர ஊர்களிற் பள்ளிவாயில் நிருவாகம் குடிகளின் சார்பில் மரைக்கார்மார் அமரும் முறையில் நெடுங்காலம் நடைபெற்றமையால், எக்குடி முந்தியது, எக்குடிக்கு எவ்வரிசை என்னும் வினாக்கள் அவருடைய குடும்ப மானத்தோடு பிணைந்தவை. கொடியேற்றத்தைப் போற்றுபவரா, அதனை மார்க்கத்துக்குப் புறம்பானதெனக் கருதுபவரா என்பதும் அவருடைய ஒவ்வொரு வாக்கியத்திலும் நிழலாடும். வெளியூரினர் எழுதினால் இத்தொல்லைகள் இல்லை. ஆனால் அவருக்கு எழுதுவதற்கான செய்தியும் கிட்டாது.

இவ்வரலாறு நூலாக அச்சேறினால் முகப்பில் ஆசிரியர் பெயர் இருக்கும். பெயரைக் கண்டதும் ஊரார் குடியை அறிவர்; குடியை அறிந்தபின் நூலை எவ்வாறு வாசிப்பது என்பதையும் அறிவர். இணையத்தில் அமைந்துள்ள கலைக்களஞ்சியமாகிய விக்கிப்பீடியாவிலோ கட்டுரையின் தலைப்பில் எவர் பெயரும் இல்லை. திருத்த வரலாற்றுப் பக்கத்தைத் திறந்தால் புனைபெயர்களும் எண்களும் காணப்படும். பல கைகள் எழுதுவதால் ஒருவரின் சார்பு மற்றவரால் நேர்செய்யப்படும் என்ற நம்பிக்கையே அதன் அடித்தளம். அந்நம்பிக்கை எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதே இங்கு ஆராயப்படுவது.

விக்கிப்பீடியா 2001இலும் அதன் தமிழ்ப் பதிப்பு 2003இலும் தோன்றின. தொடக்க ஆண்டுகளில் அதனைப் பொருட்படுத்தாதிருந்த கம்பனிகளும் அரசியலாளரும், தேடுபொறிகள் அதனையே முதலில் எடுத்துக்காட்டத் தொடங்கியதும் விழித்துக்கொண்டனர். பெயரின்றிச் செய்யப்பட்ட திருத்தங்கள் எந்நிறுவனத்தின் கணினி வலையமைப்பிலிருந்து வந்தன என்பதைக் காட்டும் கருவி ஒன்று 2007இல் வெளியானபோது, பெரிய நிறுவனங்களினதும் அரசாங்க அலுவலகங்களினதும் முகவரிகள் அதில் அகப்பட்டன. பிரித்தானிய மக்கள் தொடர்பு நிறுவனமான பெல் பொட்டிங்கர் தன் வாடிக்கையாளர்களுக்காகக் கட்டுரைகளைத் திருத்தியமை 2011இல் வெளிச்சத்துக்கு வந்தது. 2013இல் விக்கி-பீ.ஆர். என்னும் நிறுவனத்தோடு தொடர்புடையனவெனக் கருதப்பட்ட இருநூற்றைம்பதுக்கு மேற்பட்ட கணக்குகள் தடுக்கப்பட்டன. இவற்றின் விளைவாக 2014 யூன் மாதத்தில் விக்கிமீடியா நிறுவகம் தன் பயன்பாட்டு விதிகளைத் திருத்தியது. கூலி பெற்று எழுதுவோர், தம்மை அமர்த்தியவர் யார், எவர் பொருட்டு எழுதுகின்றனர் என்பவற்றை வெளியிடல் வேண்டும் என அவ்விதி கூறுகிறது. அது கூலி வாங்குதலை விலக்கவில்லை; மறைத்தலையே விலக்கியது. விதி வந்தபின்னும் மறைத்தல் ஒழியவில்லை. 2015இல் ‘ஒறேஞ்மூடி’ எனப் பெயரிடப்பட்ட விசாரணையில் 381 கணக்குகள் தடுக்கப்பட்டன. ஏற்கப்படாது தள்ளப்பட்ட கட்டுரை வரைவுகளுக்கு உரியவர்களைத் தேடிச்சென்று, பணம் தந்தால் கட்டுரையை வெளியிடுவோம் என்பதும், வெளியிட்டபின் அதனைக் ‘காப்பதற்கு’ மேலும் பணம் கேட்பதும் அக்குழுவினரின் வழக்கமாக இருந்தது.

பொருள் பெற்று எழுதுதல் தமிழுக்குப் புதிதன்று. பாடிப் பரிசில் பெற்ற மரபே தமிழின் தலைமரபு. ஆயினும் அம்மரபிற் புரவலர் மறைக்கப்படவில்லை என்பது கருதத்தக்கது. கம்பர் தம் காவியத்திற் சடையப்ப வள்ளலை இடையிடையே நினைவுகூர்ந்தார். உமறுப் புலவரும் சீறாப்புராணத்துள்ளேயே தம்மை ஆதரித்த அபுல் காசிம் மரைக்காயரைப் பல இடங்களிற் போற்றினார். யார் சோறிட்டார் என்பதைப் பாட்டே சொல்லிவிடுகிறது. 2014இன் விதி கேட்பதும் ஏறத்தாழ இதனையே.

ஆனால் கூலி ஒன்றே எழுதுவோரின் நலன் அன்று. பணம் கைமாறாத இடத்தில் ஓர் இனத்தின் வரலாற்றையே ஆசனமொன்றின் பொருட்டு வழக்காடிய நிகழ்ச்சி இலங்கையில் உண்டு. அதன் வடு இன்றும் கிழக்குக் கரையில் ஆறவில்லை.

1888இல் றோயல் ஆசியச் சங்கத்தின் இலங்கைக் கிளையிற் பொன்னம்பலம் இராமநாதன் இலங்கைச் சோனகரின் இனவியல் பற்றிய கட்டுரையொன்றை வாசித்தார். மொழி, வரலாறு, வழக்கங்கள், உடற்கூறு ஆகியவற்றை அளவுகோல்களாகக் கொண்டு, சோனகர் இனத்தால் தமிழர், மதத்தால் மட்டுமே முகம்மதியர் என்னும் முடிவுக்கு அவர் வந்தார். அக்காலத்து ஐரோப்பிய இனவியலின் தோரணையில் அமைந்த கட்டுரை அது. இராமநாதன் 1879 முதற் சட்டசபையில் தமிழ்ப் பிரதிநிதியாக இருந்தவர். சோனகர் உட்படத் தமிழ் பேசுவோர் அனைவருக்கும் அவரே குரலாகக் கொள்ளப்பட்டார். சோனகருக்குத் தனிப் பிரதிநிதித்துவம் வேண்டுமென்ற எண்ணம் வலுத்துவந்த வேளை அது. அடுத்த ஆண்டாகிய 1889இற் சட்டசபையின் உத்தியோகப்பற்றற்ற உறுப்பினர் தொகை ஆறிலிருந்து எட்டாக உயர்த்தப்பட்டது. கண்டியருக்கு ஒன்றும் முஸ்லிம்களுக்கு ஒன்றுமாக இரு ஆசனங்கள் ஒதுக்கப்பட, எம். சி. அப்துல் றஹ்மான் முதல் முஸ்லிம் உறுப்பினராக நியமிக்கப்பட்டார்.

இராமநாதனின் கட்டுரைக்கு விரிவான மறுப்பு 1907இல் நூலாக வந்தது. அதனை எழுதிய ஐ. எல். எம். அப்துல் அஸீஸ், சோனகர் சங்கத்தின் தலைமையோடும் பத்திரிகைத் தொழிலோடும் தொடர்புடையவர். அரபு வணிகர் வழிவந்தோரே இலங்கைச் சோனகர் என்றும், தமிழ்மொழி வணிகத்தின் பொருட்டு அவர் மேற்கொண்டது என்றும் அவர் வாதிட்டார். தென்னிந்தியாவிலிருந்து வந்த கரையோரச் சோனகரிலிருந்து இலங்கைச் சோனகரைப் பிரித்துக் காட்டுவதிலும் அவர் கருத்தாயிருந்தார். அந்நூலில் இராமநாதனின் சான்றுகளை மறுப்பதோடு அமையாது அவர் நோக்கத்தையும் அஸீஸ் சுட்டினார். சோனகருக்குத் தனி உறுப்பினர் நியமிக்கப்படுவதைத் தடுப்பதே அக்கட்டுரையின் உள்ளக்கிடக்கை என்பது அவர் ஐயம். இன்றைய சொல்லிற் கூறின், நலமுரண் ஒன்றை வெளிப்படுத்துமாறு அஸீஸ் கேட்டார் எனலாம்.

இவ்விடத்தில் இராமநாதனுக்கு ஒரு நியாயம் வழங்கவேண்டும். அவர் எதையும் ஒளித்தார் எனக் கூறமுடியாது. கட்டுரையைக் கேட்ட சபையினருக்கு அவர் யார், எவ்வாசனத்தில் அமர்ந்திருப்பவர் என்பது தெரியும். அஸீஸ் எவர் பொருட்டு எழுதினார் என்பதும் 1907இன் கொழும்புக்கு இரகசியமன்று. அறையில் எல்லோருக்கும் தெரிந்த ஒன்றைத் தாள் தன்னோடு கொண்டுசெல்வதில்லை என்பதே சிக்கல். சங்கத்தின் சஞ்சிகைத் தொகுதியை நூலகத்தில் எடுத்து வாசிக்கும் இன்றைய மாணவனுக்கு அது இனவியலாகவே தோன்றும். 1889இன் ஆசனத்தை அவன் வேறு நூல்களிலிருந்தே அறிந்துகொள்ள வேண்டும். அதனை அறியாது, ‘சோனகர் தமிழரே’ என்பதை நிறுவப்பட்ட முடிபாக ஒருசாராரும், ‘சோனகர் அரபியரே’ என்பதை நிறுவப்பட்ட முடிபாக மற்றொரு சாராரும் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக எடுத்தாண்டு வருகின்றனர். இரு வழக்குரைகள் இரு தீர்ப்புகளாக மாறிவிட்டன.

நலன் உடையவர் பொய் சொல்கிறார் என்பது இதன் கருத்தன்று. சோனகரின் மொழி தமிழ் என்பதில் இருவர்க்கும் கருத்து வேறுபாடில்லை. எதனைச் சான்றாகத் தூக்குவது, எதனைத் தற்செயலென ஒதுக்குவது என்பதிலேயே நலன் தொழிற்பட்டது. விவாதத்தின் மையம் கொழும்பும் மேற்குக் கரையுமாக இருந்தமை இன்னொரு விளைவைத் தந்தது. அரபியர் குடியேற்றம் பற்றிப் பிற்காலத்தார் பலரும் எடுத்தாண்ட சான்று, சேர் அலெக்சாந்தர் ஜோன்ஸ்டன் 1827இல் வெளியிட்ட ஐதிகமாகும். திருகோணமலை, யாழ்ப்பாணம், மாந்தை-மன்னார், குதிரைமலை, புத்தளம், கொழும்பு, பேருவளை, காலி என எட்டுக் குடியேற்றங்களை அது கூறுகிறது. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று என அடர்ந்து கிடக்கும் இக்கரை அப்பட்டியலில் இல்லை. இங்கு நெல் விளைவித்தும் மீன் பிடித்தும் வாழ்ந்த முஸ்லிம்கள், அயலிலுள்ள தமிழரைப் போலவே தாய்வழிக் குடி முறையைக் கொண்டவர்கள். வீடும் வளவும் பெண்ணுக்குச் சீதனமாகச் செல்ல, மாப்பிள்ளை பெண் வீட்டுக்குச் செல்பவன். அம்முறை யாழ்ப்பாணத் தமிழரிடம் இவ்வடிவிற் காணப்படுவதில்லை. அரபு மரபுக்கும் அது அயலானது. ஆகவே இரு வழக்கிலும் எளிதில் அடங்காத சான்று இது. அக்கரைப்பற்றிற் களஆய்வு செய்த டெனிஸ் மக்கில்வ்றே 2008இல் வெளியிட்ட நூலில் இதனை விரிவாக ஆராய்ந்துள்ளார்.

இனித் தமிழ் விக்கிப்பீடியாவில் கூலி எழுத்து நுழைந்த வரலாறு ஒன்றையும் நோக்கலாம். 2009 அளவிற் கூகிள் நிறுவனம், தன் மொழிபெயர்ப்புக் கருவியை வளர்க்கும் பொருட்டு, ஊதியம் பெறும் மொழிபெயர்ப்பாளரைக் கொண்டு ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழாக்கி விக்கிப்பீடியாவில் இடுவித்தது. கட்டுரைகள் நீளமானவை, மொழி பல இடங்களில் வாசிக்க முடியாதது, தெரிவுசெய்யப்பட்ட பொருள்களோ தமிழ் வாசகரின் தேவையிற் பிறந்தவையல்ல. பிழைகளைச் சுட்டினால் மறுமொழி கூறுவாரும் அரியராயினர். தமிழ்ப் பயனர் சமூகம் இதனை ஆராய்ந்து, 2010இற் போலந்து நாட்டின் குடான்ஸ்க் நகரில் நடந்த விக்கிமேனியா மாநாட்டில் தன் மதிப்பீட்டை முன்வைத்தது. இங்கே எவரும் எவரையும் புகழ்ந்து எழுதவில்லை, பொய்யும் புகுத்தவில்லை. எனினும் எதனை எழுதுவது என்ற தெரிவு ஊதியம் கொடுத்தவரின் கையிலிருந்தது. இராமநாதன்–அஸீஸ் விவாதத்திற் சான்றுத் தெரிவில் தொழிற்பட்ட நலன் இங்குத் தலைப்புத் தெரிவில் தொழிற்பட்டது என்பதே வேறுபாடு.

கல்முனைப் பிரதேசத்திற் கூலிக்கு எழுதுவோரைக் காட்டிலும் கூலியின்றி எழுதுவோரின் நலனே கனமானது. கல்முனை வடக்குத் தமிழ்ப் பிரிவின் உப பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்துமாறு 2019 யூனில் உண்ணாவிரதம் நடந்தது. அதனை எதிர்த்து முஸ்லிம்கள் திரண்டனர். சாய்ந்தமருதைத் தனி நகரசபையாக்கும் வர்த்தமானி 2020 பெப்ரவரியில் வெளிவந்து சில நாட்களில் இடைநிறுத்தப்பட்டது. அங்கே பிணக்கு முஸ்லிம் ஊர்கள் இரண்டுக்கிடையிலானது. இந்நிலையிற் கல்முனை என்பது எங்குத் தொடங்கி எங்கு முடிகிறது என்ற ஒரு வாக்கியத்தைக் கலைக்களஞ்சியத்தில் எழுதுபவர், அறிந்தோ அறியாமலோ ஒரு தரப்பின் மனுவில் ஒப்பமிடுகிறார். அவருக்கு எவரும் ஒரு சதமும் தரவில்லை; ஆகவே 2014இன் விதி அவரைத் தீண்டாது.

தீண்டக்கூடிய வழிகாட்டல் ஒன்று ஆங்கிலப் பதிப்பில் உண்டு. பொருளோடு நெருங்கிய தொடர்புடையவர் கட்டுரையில் நேரே கைவைக்காது, உரையாடற் பக்கத்தில் தம் தொடர்பைக் கூறி மாற்றங்களை முன்மொழிதல் நன்று என்பது அது. ஆயிரக்கணக்கானோர் தொகுக்கும் ஆங்கிலப் பதிப்பில், முன்மொழிந்ததை எடுத்து ஆராய்வதற்குத் தொடர்பற்ற ஒருவர் கிடைக்கலாம். தமிழில் இயங்கும் தொகுப்பாளர் தொகை மிகச் சிறிது. அவர்களுட் கடற்கரைப் பள்ளியைப் பற்றி அறிந்தவர் இக்கரையிற் பிறந்தவராகவே இருப்பார். வழிகாட்டலை எழுத்துப்படி கொண்டால் அப்பள்ளியைப் பற்றி எழுதத்தக்கவர் எவருமில்லை. அதனைக் கைவிட்டாலோ முதலிற் கணக்குத் திறந்தவரின் குடியே முந்திய குடியாகிவிடும். உரையாடற் பக்கத்தில் ‘எழுதுபவர் இவ்வூரினர், இக்குடியினர்’ என ஒரு வரி இடுவதற்கு இப்போதும் தடை ஏதுமில்லை. 1888இன் சஞ்சிகைத் தாளில் அவ்வரிக்கு இடமிருக்கவில்லை.