கட்டுப்பாட்டு அறைக் காட்சிச் சுவரும் 2003ஆம் ஆண்டின் பெரும் மின்தடையும்

கட்டுப்பாட்டு அறையில் பணிபுரியும் அனைவரும் ஒரே நேரத்தில் பார்க்கும்படி சுவர் முழுதும் அமைக்கப்படும் பெருந்திரையே காட்சிச் சுவர் எனப்படுகிறது. மின்கட்டமைப்பு, தொடர்வண்டிப் போக்குவரத்து, விண்வெளிப் பயணம் முதலியவற்றைக் கண்காணிக்கும் இடங்களில் இதைக் காணலாம். இதன் வரலாற்றைத் திரைகளின் வரலாறாகச் சொல்வதே வழக்கம். ஆனால் திரைக்குப் பின்னால் இயங்கும் மென்பொருளையும் அதைப் பராமரிப்பவர்களையும் விட்டுவிட்டால் அவ்வரலாறு பாதிதான்.

பலகையிலிருந்து திரைக்கு

தொடக்ககால மின்வாரிய அறைகளில் இருந்தது சுவர்ப்பலகை. மின்நிலையங்களையும் மின்பாதைகளையும் கோடுகளாகக் காட்டும் சிறுசிறு ஓடுகள் அதில் பதிக்கப்பட்டிருக்கும். நடுவே சிவப்பு, பச்சை விளக்குகள் எரியும். புதிய மின்பாதை ஒன்று வந்தால் ஓடுகளைப் பெயர்த்துப் புதியவற்றைப் பதிக்க வேண்டும், கம்பி இழுக்க வேண்டும். சில இடங்களில் பணியாளரே ஊசியோ அட்டையோ குத்தி நிலையைக் குறித்தார்கள். 1960களில் ஹூஸ்டன் விண்வெளிக் கட்டுப்பாட்டு மையத்தில், சுவிட்சர்லாந்தில் உருவான ஐடோஃபோர் என்னும் ஒளிவீழ்த்திகள் பெருந்திரையில் படம் காட்டின. பின்னர் பின்புறமிருந்து ஒளி வீழ்த்தும் பெட்டிகளை அடுக்கிய சுவர்களும், அதன்பின் எல்சிடி திரைகளை ஒட்டிய சுவர்களும் வந்தன.

இம்மாற்றத்தில் ஒரு புதிய வேலை பிறந்தது. எந்தக் கணினியின் காட்சி சுவரின் எந்தப் பகுதியில் வர வேண்டும், அதை மாற்றும் உரிமை யாருக்கு, நெருக்கடி நேரத்தில் எந்த அடுக்கு முன்னே வர வேண்டும் என்பவற்றையெல்லாம் இப்போது மென்பொருள் தீர்மானிக்கிறது. அதை நிர்வகிப்பவர் பெரும்பாலும் அந்த அறையில் இருப்பதில்லை. பழைய பலகையில் ஒரு விளக்கு அணைந்தால் கண்ணுக்குத் தெரியும். மென்பொருள் நின்றுபோனாலோ, கடைசியாக வந்த படம் அப்படியே திரையில் நிற்கலாம். அமைதியான திரையும் செத்துப்போன திரையும் பார்வைக்கு ஒன்றே.

ஒஹையோவில் ஒரு பிற்பகல்

2003 ஆகஸ்ட் 14 அன்று அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ஃபர்ஸ்ட்எனர்ஜி நிறுவனத்தின் மின்கட்டுப்பாட்டு அறையில் நடந்தது இதற்குத் தெளிவான சான்று. அமெரிக்காவும் கனடாவும் சேர்ந்து அமைத்த விசாரணைக் குழு அந்நாளை நிமிடவாரியாகப் பதிவு செய்திருக்கிறது. இங்கே தரப்படுபவை அப்பகுதியின் உள்ளூர் நேரங்கள்.

பிற்பகல் 1:31க்கு ஈஸ்ட்லேக் மின்நிலையத்தின் 5ஆம் அலகு நின்றது. இது மட்டும் பேரிடராகியிருக்காது. 2:14க்கு எச்சரிக்கைகளை எழுப்பும் மென்பொருள் முடங்கியது. தான் முடங்கியதை அது யாருக்கும் அறிவிக்கவில்லை. மின்நிலையங்களிலிருந்து அளவுகள் தொடர்ந்து வந்துகொண்டுதான் இருந்தன. ஆனால் தவறு நேர்ந்தால் மணி அடிக்க வேண்டிய பகுதி ஊமையாகிவிட்டது. மணி அடிக்காததால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று பணியாளர்கள் எண்ணினார்கள்.

2:41க்கு முதன்மை வழங்கிக் கணினி செயலிழந்தது. பணி மாற்று வழங்கிக்குத் தானாக மாறியது. முடங்கிய மென்பொருள் அதே முடங்கிய நிலையிலேயே அங்கு போய்ச் சேர, 13 நிமிடங்களில் அதுவும் விழுந்தது. வழக்கமாக ஓரிரு வினாடியில் மாறும் திரைகள் மாற 59 வினாடிகள் வரை ஆயின. கணினிப் பிரிவினருக்குத் தானியங்கி அழைப்பு போயிருந்தது. அவர்கள் வழங்கிகளை மறுதொடக்கம் செய்தார்கள், 3:08க்கு அவை இயங்குவதைப் பார்த்தார்கள். எச்சரிக்கை வேலை செய்கிறதா என்று அறையில் இருந்தவர்களிடம் கேட்கவில்லை. அது வேலை செய்யவில்லை.

இதற்கிடையே 3:05க்கு சேம்பர்லின்–ஹார்டிங் 345 கிலோவோல்ட் மின்பாதை மரத்தில் உரசித் துண்டிக்கப்பட்டது. அப்போது அது சுமந்தது தன் தாங்குதிறனில் 44 விழுக்காடு மட்டுமே. குற்றம் சுமையில் இல்லை, வெட்டப்படாத மரத்தில். 3:32க்கு ஹான்னா–ஜூனிபர், 3:41க்கு ஸ்டார்–சவுத் கான்டன் மின்பாதைகளும் போயின. இவற்றைப் பற்றி அறைக்கு முதலில் எட்டியவை பக்கத்து நிறுவனங்களின் தொலைபேசி அழைப்புகளே. தம் திரையில் எதுவும் தெரியாததால் பணியாளர்கள் அவற்றை உடனே நம்பவில்லை. 4:05க்குப் பின் சாமிஸ்–ஸ்டார் மின்பாதை துண்டிக்கப்பட்டதும் சரிவு தொடங்கியது. சில நிமிடங்களில் எட்டு அமெரிக்க மாநிலங்களிலும் கனடாவின் ஒன்டாரியோவிலும் சுமார் 5 கோடி மக்கள் மின்சாரம் இழந்தனர். 61,800 மெகாவாட் சுமை அறுந்தது.

அதே நாளில் அப்பகுதி மின்கட்டமைப்பை மேற்பார்வையிட்ட மிசோ அமைப்பிலும் ஒரு நிர்வாகப் பிழை நேர்ந்தது. அங்கு கட்டமைப்பின் நிலையைக் கணிக்கும் மென்பொருள் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தானாக ஓட வேண்டும். பிழை ஒன்றைத் திருத்துவதற்காக ஒரு பொறியாளர் அந்தத் தானியக்கத்தை நிறுத்தினார், பிழையையும் திருத்தினார். தானியக்கத்தை மீண்டும் இயக்க மறந்து மதிய உணவுக்குப் போனார். யாருக்கும் நேரக்கூடிய மறதிதான். வேறு சிக்கலும் சேர்ந்துகொள்ள, அம்மென்பொருள் சரியாக இயங்கத் தொடங்கியபோது மணி 4:04.

சுவர் இருந்திருந்தால்?

பல கட்டுப்பாட்டு அறைகளில் இருந்தது போன்ற சுவர்வரைபடம் ஃபர்ஸ்ட்எனர்ஜியில் இல்லை என்றும், இருந்திருந்தால் மின்பாதைகள் போனது தெரிந்திருக்கலாம் என்றும் விசாரணைக் குழு குறிப்பிட்டது. இதை முழுதாக ஏற்பதற்கு முன் ஒன்றைக் கேட்க வேண்டும்: அச்சுவருக்குத் தகவல் எங்கிருந்து வந்திருக்கும்? மின்நிலைய அளவுகளிலிருந்து நேரடியாக வந்திருந்தால் பயன்பட்டிருக்கும். விழுந்த வழங்கிகள் வழியே வந்திருந்தால் அதுவும் பழைய படத்தைத்தான் காட்டியிருக்கும், அதுவும் பெரிதாக.

மென்பொருளில் இருந்த பிழை பின்னர்தான் கண்டறியப்பட்டது. ஜெனரல் எலக்ட்ரிக்கின் எக்ஸ்ஏ/21 என்னும் அம்மென்பொருளில் இரு செயல்கள் ஒரே தகவல் பகுதியை ஒரே கணத்தில் மாற்ற முயன்றன; அதனால் எச்சரிக்கைப் பகுதி முடிவில்லாச் சுழலில் சிக்கியது. மிக அரிதாக நேரும் பிழை. அதைவிட எளிதாகத் தடுத்திருக்கக்கூடியது, கணினிப் பிரிவுக்கும் கட்டுப்பாட்டு அறைக்கும் இடையே இருந்த மௌனம்.

இன்று நன்கு நிர்வகிக்கப்படும் காட்சிச் சுவர்களில் ஒவ்வோர் அளவும் எப்போது வந்தது என்பது பதிவாகிறது. பழையதாகிவிட்ட அளவு நிறம் மாறிக் காட்டப்படுகிறது. தகவல் உயிரோடிருப்பதை உணர்த்தும் துடிப்புக் குறி ஓடிக்கொண்டே இருக்கும். பராமரிப்புக்காக எதையும் நிறுத்தும் முன்னும், மீண்டும் இயக்கிய பின்னும் அறையில் இருப்பவரிடம் சொல்வது வேலையின் பகுதி. 2005இல் அமெரிக்கா இயற்றிய எரிசக்திக் கொள்கைச் சட்டம் மின்கட்டமைப்பு நம்பகத் தரங்களைக் கட்டாயமாக்கியது. எச்சரிக்கை மென்பொருள் செயலிழந்தால் அதைப் பணியாளருக்கு அறிவிக்கத் தனியே ஒரு கண்காணிப்பு இருக்க வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது 2018இல்.