கிட்டி வாரனும் விவி வாரனும்

ஜார்ஜ் பெர்னார்ட் ஷா 1893இல் எழுதிய 'மிஸஸ் வாரன்ஸ் புரொஃபெஷன்' (திருமதி வாரனின் தொழில்) என்ற நான்கு அங்க நாடகத்தில் வரும் தாயும் மகளும். தாய் கிட்டி, பிரஸ்ஸல்ஸ், வியன்னா போன்ற நகரங்களில் விபசார விடுதிகளைப் பங்குக்கு நடத்திப் பணம் சேர்த்தவள். மகள் விவி, அது என்ன தொழில் என்றே அறியாமல், அந்தப் பணத்தில் கேம்பிரிட்ஜின் நியூனம் கல்லூரியில் கணிதம் படித்தவள். தொழிலின் பெயர் நாடகத்தில் எங்கும் வெளிப்படையாகச் சொல்லப்படுவதில்லை. அப்படியும் பிரிட்டனில் நாடகத் தணிக்கையைக் கையில் வைத்திருந்த லார்டு சேம்பர்லின் அலுவலகம் அனுமதி மறுத்தது. 1898இல் நூலாக வெளிவந்த நாடகத்தை 1902 ஜனவரியில் லண்டன் ஸ்டேஜ் சொசைட்டி தனி அரங்கில் நடித்தது. 1905இல் நியூயார்க்கில் மேடையேறியபோது போலீஸ் தலையிட்டது. அனுமதியோடு இங்கிலாந்தின் பொது மேடைக்கு வர 1925 ஆயிற்று.

தாய் கறைபடிந்த பழைய உலகம், மகள் படித்த புதுமைப்பெண் என்று இருவரையும் எதிரெதிரே நிறுத்துவது வழக்கம். நாடகத்தைக் கூர்ந்து பார்த்தால் இந்தப் பிரிப்பு நிற்காது. இருவரும் ஒரே வார்ப்பு. விவி கணிதத் தேர்வில் மூன்றாம் இடத்துக்கு இணையாக வந்தது அறிவுத் தாகத்தால் அல்ல. தாய் தருவதாக ஒப்புக்கொண்ட 50 பவுனுக்காகப் படித்தாள். உழைத்த உழைப்புக்கு 200 பவுனாவது கேட்டிருக்க வேண்டும் என்று பிறகு கணக்குப் போடுகிறாள். வேலை, அதற்குக் கூலி, களைத்தால் ஒரு சுருட்டு, கொஞ்சம் விஸ்கி, ஒரு துப்பறியும் கதை: இவ்வளவுதான் அவள் விரும்பும் வாழ்க்கை. பேரம் பேசும் இந்தக் குணம் தாய்வழிச் சொத்து.

இரண்டாம் அங்கத்தில் தாய் தன் கதையைச் சொல்லும்போதும் பேசுவது கண்ணீர் அல்ல, கணக்குதான். வெள்ளை ஈயத் தொழிற்சாலையில் நாளுக்கு 12 மணி நேரம், வாரத்துக்கு 9 ஷில்லிங் என்று உழைத்த ஒரு சகோதரி உடலில் ஈய நஞ்சேறிச் செத்தாள். கிட்டியே வாட்டர்லூ ரயில் நிலைய மதுக்கூடத்தில் கிளாஸ் கழுவியது நாளுக்கு 14 மணி நேரம். கூலி வாரத்துக்கு 4 ஷில்லிங்கும் சாப்பாடும். ஒரு குளிர் இரவில் விலையுயர்ந்த ரோம அங்கி அணிந்து அங்கே வந்த இன்னொரு சகோதரி லிஸ்தான் மாற்றுவழி காட்டினாள். இதைக் கேட்ட மகள் வெறுக்கவில்லை, தாயை வியக்கிறாள். ஒழுக்கம் மட்டுமே இருவரையும் பிரிப்பதாக இருந்தால், உறவு அந்த இரவிலேயே முறிந்திருக்க வேண்டும்.

பிறகு ஏன் முறிந்தது? மூன்றாம் அங்கத்தில் தாயின் தொழில் கூட்டாளி கிராஃப்ட்ஸ், தொழில் இன்றும் நடக்கிறது, தான் போட்ட 40,000 பவுனுக்கு 35 சதவீதம் வருகிறது என்று சொல்லிவிடுகிறான். வறுமை தள்ளிய பாதை வேறு, வறுமை தீர்ந்த பிறகும் விடாத பாதை வேறு. நான்காம் அங்கத்தில் தாய் சும்மா இருக்க முடியாது என்கிறாள். மகள் அதை மறுக்கவில்லை, தானும் அப்படித்தான் என்கிறாள். ஒரு வாழ்க்கை வாழ்ந்துகொண்டு இன்னொன்றை நம்பும் இரட்டை வேடத்தைத்தான் அவளால் ஏற்க முடியவில்லை. ஊர் மெச்சும் கௌரவத்துக்கும், கடமை தவறாத மகளுக்கும் ஏங்கும் தாயே இருவரில் பழமைவாதி.

விவி நன்றிகெட்டவள், கல்நெஞ்சக்காரி என்பார்கள். தாயின் கடந்த காலத்தை அவள் தண்டிக்கவில்லை, மாதப்படியைத்தான் மறுக்கிறாள் என்பது இதற்குப் போதிய பதில். அவள் கைகள் மட்டும் சுத்தமா என்ற கேள்வி வலுவானது. நியூனத்தில் அவள் பெற்ற உதவித்தொகையை நிறுவியவர் கிராஃப்ட்ஸின் சகோதரர். அவருக்கு 22 சதவீத லாபம் தரும் ஆலையில் 600 பெண்கள் பிழைக்கப் போதாத கூலிக்கு உழைக்கிறார்கள். இதை எடுத்துக் கொடுப்பவர் ஷாவேதான். விவி தாயின் பணத்திலிருந்து விலகலாம், அந்தப் பணம் புழங்கும் சமூகத்திலிருந்து விலக இடமில்லை. ஆகவே அவள் தீர்ப்பு தாய்க்கு மட்டுமே செல்லும். ஷாவின் குற்றச்சாட்டோ அந்த 4 ஷில்லிங் கூலிமீது.

முதல் அங்கத்தில், வீட்டுக்கு வந்த விருந்தாளியின் விரல் மரத்துப்போகக் கை குலுக்கிய விவி, கடைசியில் தாயிடம் கை நீட்டச் சொல்கிறாள். தாய் மறுத்துக் கதவை அறைந்து சாத்திவிட்டுப் போகிறாள். மகள் மேசைக்குத் திரும்பி, எண்களில் மூழ்கிவிடுகிறாள்.