ஆளில்லா அரங்கும் சொந்த மண்ணும்

பத்தாம் ஆண்டு நிறைவு மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று மலர்க்குழு நண்பர்கள் கேட்டபோது, சித்தன்னவாசல் ஓவியத்தைப் பற்றியோ குடுமியான்மலை இசைக் கல்வெட்டைப் பற்றியோ எழுதுவேன் என்றே எதிர்பார்த்திருப்பர். அவற்றை நம் வட்டத்தில் என்னினும் நன்கறிந்தோர் எழுதியிருக்கிறார்கள், இனியும் எழுதுவார்கள். நான் எடுத்துக்கொண்டிருப்பதோ கால்பந்து. கவிஞர் கூடும் இடத்தில் பந்துக்கு என்ன வேலை என்று முகம் சுளிப்போர் சற்றே பொறுத்தருள வேண்டும். பந்தின் வழியாக நான் வந்து சேர விரும்பும் இடம் அவை.

2019 அக்டோபர் 15 அன்று, உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் ஆசிய நாடுகள் பல மோதின. அவற்றுள் இரண்டு ஆட்டங்களை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். வடகொரியத் தலைநகர் பியோங்யாங்கில் ஏறத்தாழ 50,000 பேர் அமரத்தக்க கிம் இல் சுங் அரங்கில் வடகொரியாவும் தென்கொரியாவும் ஆடின. பார்வையாளர் ஒருவரும் அனுமதிக்கப்படவில்லை. தொலைக்காட்சி நேரலையும் இல்லை. காலி இருக்கைகளின் நடுவே நடந்த அந்த ஆட்டம் கோல் எதுவுமின்றி முடிந்தது. அதே நாளில் கொல்கத்தா சால்ட் லேக் அரங்கில் 60,000-க்கும் மேற்பட்டோர் ஆர்ப்பரிக்க இந்தியாவும் வங்காளதேசமும் மோதின. தரவரிசையில் மிகவும் பின்தங்கியிருந்த வங்காளதேசம் முதற்பாதியிலேயே ஒரு கோல் அடித்துவிட்டது. ஆட்டம் முடியும் தறுவாயில் ஆதில் கான் தலையால் முட்டி அடித்த கோலால் இந்தியா தோல்வியிலிருந்து தப்பியது. ஆளில்லா அரங்கிலும் சமநிலை. ஆள் நிறைந்த அரங்கிலும் சமநிலை. அப்படியானால் கூட்டம் என்னதான் செய்கிறது?

வள்ளுவர் இடத்தையும் அவையையும் தனித்தனி அதிகாரங்களில் வைத்தார். இடனறிதல் ஐம்பதாவது, அவை அஞ்சாமை எழுபத்து மூன்றாவது. நீரில் இருக்கும் முதலையின் வலிமையைச் சொன்னபோது அவர் எண்ணியது இடத்தை. அந்த முதலையைச் சுற்றி நின்று கைதட்டியவர் எவரும் இலர். விளையாட்டு உலகிலோ இவ்விரண்டும் பின்னிக் கிடக்கின்றன. சொந்த மண்ணில் ஆடும் அணிக்குப் பழகிய புல்தரை உண்டு, பழகிய தட்பவெப்பம் உண்டு, பயணக் களைப்பில்லை. அதோடு ஆயிரக்கணக்கான தொண்டைகளும் அதன் பக்கம். இவற்றுள் எது எவ்வளவு உதவுகிறது என்று பிரித்தறிய நெடுங்காலம் வழியில்லாதிருந்தது. பிரித்தறிய வேண்டுமானால் இடத்தை அப்படியே வைத்துவிட்டு அவையை மட்டும் அகற்ற வேண்டும். அரங்கு நிரம்புவதையே வாழ்வாகக் கொண்ட கழகங்கள் அதற்கு எப்படி உடன்படும்?

முதலில் செயற்கையாக ஒரு வழி கண்டார்கள். இங்கிலாந்தில் நெவில், பால்மர், வில்லியம்ஸ் என்னும் மூவர் 2002-இல் வெளியிட்ட ஆய்வு அது. லிவர்பூல், லெஸ்டர் அணிகள் ஆடிய ஓர் ஆட்டத்தின் 47 மோதல் காட்சிகளைத் தகுதி பெற்ற நடுவர்கள் 40 பேருக்குப் போட்டுக் காட்டினார்கள். ஒரு பகுதியினர் கூட்டத்தின் இரைச்சலோடு பார்த்தனர். மற்றவர் ஒலியின்றிப் பார்த்தனர். இரைச்சலைக் கேட்டவர்கள் சொந்த மண் அணியின் மீது 15.5 விழுக்காடு குறைவாகவே தவறு கூறினர். கண் கண்டது ஒன்றே, காது கேட்டது வேறு, தீர்ப்பும் வேறாயிற்று.

2007 பிப்ரவரியில் இத்தாலியின் கத்தானியா நகரில் ஆட்டத்தையொட்டி எழுந்த கலவரத்தில் காவலர் ஒருவர் உயிரிழந்தார். அதன்பின், பாதுகாப்பு விதிகளுக்கு இணங்காத அரங்குகளில் பார்வையாளரின்றியே ஆட வேண்டும் என்றாயிற்று. அவ்வாறு நடந்த 21 ஆட்டங்களைச் சுவீடன் நாட்டுப் பொருளியலாளர் இருவர் ஆராய்ந்தனர். கூட்டம் இருந்தபோது சொந்த மண் அணிக்கு இரக்கமும் வந்த அணிக்குக் கடுமையும் காட்டிய நடுவர்கள், கூட்டம் இல்லாதபோது நேராக நின்றார்கள் என்பது அவர்கள் கண்ட முடிவு. வீரர்களின் ஆட்டத்தில் அத்தகைய மாற்றம் புலப்படவில்லை.

கூட்டத்தின் வலிமை ஆடுபவன் காலுக்குள் புகுந்து அவனை விரைந்தோடச் செய்கிறது என்றே நாம் நம்பிவந்திருக்கிறோம். அது போய்ச் சேரும் இடம் பெரிதும் நடுவரின் விசில் என்றால், ஆரவாரம் என்று நாம் போற்றுவதை என்னவென்று அழைப்பது? இலஞ்சம் என்னும் சொல் கடுமையானது. ஆனால் வேறு சொல் எனக்கு எளிதில் கிட்டவில்லை.

2020-இல் பெருந்தொற்று வந்தது. எவரும் துணியாத சோதனையை உலகம் முழுவதற்குமாக நடத்திவிட்டுப் போயிற்று. மே 16 அன்று ஜெர்மனியின் முதல்நிலை லீக் ஆளில்லா அரங்குகளில் மீண்டும் தொடங்கியது. மற்ற நாடுகள் பின்தொடர்ந்தன. இங்கிலாந்தின் பிரீமியர் லீகில் 2020-21 பருவத்தின் 380 ஆட்டங்களில் சொந்த மண் அணிகள் வென்றவை 144. வந்த அணிகள் வென்றவை 153. 1888-இல் தொடங்கிய அந்நாட்டு லீக் வரலாற்றில், முதல்நிலையில் வந்தவரின் வெற்றி மிகுந்தது அதுவே முதன்முறை. லிவர்பூல் அணியின் கதை இன்னும் வியப்பானது. தன் ஆன்ஃபீல்டு அரங்கில் 68 லீக் ஆட்டங்கள் தோல்வி காணாதிருந்த அணி, 2021 சனவரியில் பர்ன்லியிடம் வீழ்ந்தது; அங்கிருந்து தொடர்ந்து ஆறு ஆட்டங்கள் சொந்த அரங்கிலேயே தோற்றது. அப்பருவத்தில் அதன் தடுப்பாட்டக்காரர் பலர் காயமுற்றிருந்தனர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். எல்லாப் பழியையும் காலி நாற்காலிகளின் மேல் போடுவது நேர்மையாகாது. பல நாட்டு லீகுகளை ஒருங்கே வைத்து ஆராய்ந்தோரும், வந்த அணிக்குக் காட்டப்பட்ட மஞ்சள் அட்டைகள் ஆளில்லா அரங்கில் குறைந்ததையே தெளிவாகக் கண்டனர். இத்தாலியில் 21 ஆட்டங்கள் சொன்னதை இப்போது ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் சொல்லின.

நாடுகளுக்கிடையிலான ஆட்டங்களுக்கு வந்தால் காட்சி கலங்குகிறது. கழக அணி ஓராண்டில் சொந்த அரங்கில் இருபது முறை ஆடும். ஒரு நாடு நான்கைந்து முறை ஆடினால் மிகுதி. எதிரணிகளின் தரமும் மலைக்கும் மடுவுக்குமாக வேறுபடும். கூட்டமில்லாச் சொந்த மண்ணில் 2020 நவம்பரில் ஸ்பெயின் செவியா நகரில் ஜெர்மனியை 6-0 என்று நொறுக்கியது. நான்கு மாதம் கழித்து அதே ஜெர்மனி, தன் சொந்த மண்ணாகிய டூயிஸ்பர்க்கில், ஆளில்லா அரங்கில், வட மாசிடோனியாவிடம் 1-2 என்று தோற்றது; 2001-க்குப்பின் உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் அது கண்ட முதல் தோல்வி. எதை நம்புவது?

இடமும் அவையும் பிரிந்ததைப் பார்க்க எனக்குக் கிடைத்த சிறந்த எடுத்துக்காட்டு பொலிவியாவின் லா பாஸ். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,600 மீட்டர் உயரம். வந்தவருக்கு மூச்சு முட்டும். 2009-இல் அர்ஜென்டினா அங்கே 6-1 என்று அடிபட்டுத் திரும்பியது. 2020 அக்டோபர் 13 அன்று மலை அங்கேயே இருந்தது, மெலிந்த காற்றும் இருந்தது, கூட்டம் மட்டும் இல்லை. அர்ஜென்டினா 2-1 என வென்றது. 2005-க்குப்பின் அங்கு அதற்குக் கிட்டிய முதல் வெற்றி. அடுத்த மாதம் எக்குவடோரும் அங்கே வென்றது. இத்துடன் நிறுத்திக்கொண்டால் என் கட்டுரைக்கு அழகாக இருக்கும். ஆனால் 2023 செப்டம்பரில் கூட்டம் திரும்பிய அதே அரங்கில், மெஸ்ஸி களமிறங்காமலே, அர்ஜென்டினா 3-0 என வென்றுவிட்டது. நல்ல அணிக்கு முன்னால் மலையும் மக்களும் என்ன செய்ய முடியும்! என் கணிப்பு இதுதான்: ஆளில்லா அரங்கு சொந்த மண்ணின் வலிமையைக் குறைக்கிறது, ஆனால் அழிப்பதில்லை, கழக ஆட்டங்களில் அது எண்ணில் தெரிகிறது, நாடுகளின் ஆட்டங்களில், எண்ணிக்கை குறைவாலும் தர வேற்றுமையாலும், மங்கலாகவே தெரிகிறது.

நம்மவர் கதைக்குத் திரும்புவோம். கொல்கத்தாவில் 60,000 பேர் முன்னிலையில் வெல்ல முடியாத அதே வங்காளதேசத்தை, 2021 சூன் 7 அன்று தோகாவில் இந்தியா 2-0 என வென்றது. இரண்டு கோலும் சுனில் சேத்ரியுடையவை. பெருந்தொற்றால் எஞ்சிய ஆட்டங்கள் எல்லாம் அங்கு மாற்றப்பட்டிருந்தன. சொந்த மண்ணும் இல்லை, சொந்தக் கூட்டமும் இல்லை. நிறைந்த அரங்கு சில நேரம் சுமையாகவும் ஆகும் போலும். அவை அஞ்சாமைக்கு வள்ளுவர் தனி அதிகாரம் ஒதுக்கியதன் காரணம் மேடையேறிய எவருக்கும் விளங்கும்.

கால்பந்தை விட்டு ஒரு கணம் சேப்பாக்கம் போய்வருவதை மன்னிக்க வேண்டும். 2021 பிப்ரவரியில் இந்தியாவும் இங்கிலாந்தும் ஒரே அரங்கில் அடுத்தடுத்து இரண்டு டெஸ்ட் ஆடின. முதல் டெஸ்டுக்குப் பார்வையாளர் இல்லை. ஜோ ரூட் 218 ஓட்டங்கள் குவிக்க, இங்கிலாந்து 227 ஓட்டங்களில் வென்றது. நான்கு நாள் கழித்துத் தொடங்கிய இரண்டாம் டெஸ்டுக்குப் பாதி இருக்கைகள் திறந்துவிடப்பட்டன. இந்தியா 317 ஓட்டங்களில் வென்றது. அஸ்வின் முதல் இன்னிங்ஸில் ஐந்து விக்கெட் எடுத்தார். பின் தன் ஊரார் எழுந்து நின்று முழங்க நூறும் அடித்தார். புதுக்கோட்டையில் தொலைக்காட்சியின் முன் அமர்ந்திருந்த எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. கூட்டம் வென்று கொடுத்தது என்று அன்று எவரேனும் சொல்லியிருந்தால் கைகூப்பி ஒப்பியிருப்பேன். பிறகு ஆற அமர யோசித்தேன். இரண்டாம் ஆடுதளம் முதல் நாளிலிருந்தே பந்தைச் சுழலவிட்டது. இரண்டு டெஸ்டிலும் நாணயச் சுண்டலில் வென்ற அணியே ஆட்டத்தையும் வென்றது. பெருமிதத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

நம் மாவட்டத்து ஏறுதழுவலை நினைக்கிறேன். தச்சங்குறிச்சியிலோ விராலிமலையிலோ வாடிவாசலைத் தாண்டிப் பாயும் காளைகளுள் பெரும்பாலானவை வேற்றூரிலிருந்து வண்டியேறி வந்தவை. கூட்டம் முழுதும் கத்தினாலும் அதற்கு இணங்கித் தீர்ப்பை மாற்றிக்கொள்ள அவற்றுக்குத் தெரியாது.

நமக்குத் தெரியும். பொதுமுடக்கக் காலத்தில் நம் வட்டத்தின் கூட்டங்கள் கைப்பேசித் திரையில் நடந்ததை உறுப்பினர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வாசிப்பவர் தவிர மற்றவர் ஒலியை அடைத்துவைக்க வேண்டும் என்பது விதி. அத்தகைய ஒரு மாலையில் என் பழைய கவிதை ஒன்றை வாசித்தேன். மண்டபத்தில் முன்னொரு முறை வாசித்தபோது மூன்று இடங்களில் கைதட்டல் பெற்ற கவிதை அது. அன்று அதைத் திறனாய்ந்தவர் மனமுவந்து பாராட்டினார். திரையிலும் திறனாய்வாளர் அவரே. எங்கே நிறுத்துவதென்று தெரியாமல் நான் ஒரே மூச்சில் வாசித்து முடித்தேன். சிறிது நேரம் ஓசையே இல்லை. பிறகு அவர், கைதட்டல் பெற்ற அந்த மூன்று இடங்களும் கவிதைக்குத் தேவையற்றவை என்றார். சொல்லில் கடுமை சிறிதும் இல்லை. அன்றிரவு நான் உறங்கவில்லை. இத்தாலிய நடுவர்களைப் பற்றிய ஆய்வைத் தேடிப் படித்தது அதன்பின்தான்.

அதற்காக ஆளில்லா அரங்கே மேல் என்று சொல்லிவிடவும் மனம் வரவில்லை. பெருந்தொற்றுக்கு முன்பே, எவரும் பூட்டாமலே காலியாகக் கிடந்த அரங்கு ஒன்று உண்டு. 2018 சூன் 1 அன்று மும்பையில் சீன தைபே அணியை இந்தியா 5-0 என வென்றது; சேத்ரி மூன்று கோல் அடித்தார். பார்க்க வந்தவர் 2,500 பேர் அளவே. மறுநாள் சேத்ரி ஒரு காணொலியில் கைகூப்பாத குறையாக வேண்டினார்: எங்களைத் திட்டுங்கள், குறை கூறுங்கள், ஆனால் அரங்குக்கு வாருங்கள் என்பது அதன் சாரம். சூன் 4 அன்று கென்யாவுடன் நடந்த ஆட்டத்திற்கு நுழைவுச்சீட்டு முழுதும் விற்றுத் தீர்ந்தது. மழையில் நனைந்துகொண்டே மக்கள் பார்த்தார்கள். இந்தியா வென்றது 3-0 தான்; கோல் கணக்கில் பார்த்தால் காலி அரங்கே சிறந்தது. அந்தக் கணக்கை எடுத்துக்காட்டிச் சேத்ரியிடம் எவரும் வாதிட்டிருக்க மாட்டார்கள்.

கட்டுப்பாடுகள் தளர்ந்தபின் நம் வட்டம் மண்டபத்தில் கூடிய முதல் நாளன்று வந்தவர் பதினொருவர். ஓர் அணிக்குச் சரியாக இருக்கிறது என்று தலைமை வகித்தவர் நகைத்தார். அந்தக் கவிதையின் திருத்திய வடிவத்தை அன்று வாசித்தேன். மூன்று இடங்களும் போயிருந்தன. எவரும் கைதட்டவில்லை. வாசித்து அமர்ந்தபோது, கடைசி நாற்காலியில் இருந்த இளைஞர் ஒருவர் எழுந்து, இரண்டாம் பத்தியை மட்டும் இன்னொரு முறை வாசிக்க இயலுமா ஐயா என்று கேட்டார்.