தூரத்தை வென்ற மருந்தும் தூரத்தில் இருக்கும் நோயாளியும்

மருத்துவப் படப்பிடிப்பின் வரலாறு, மறைந்திருப்பதைக் காணும் முயற்சியின் வரலாறு. 1895இல் ரொன்ட்ஜன் கண்டறிந்த எக்ஸ் கதிர் நெஞ்சிலுள்ள நிழலைக் காட்டியது. 1971இல் ஹவுன்ஸ்ஃபீல்டின் சி.டி. ஸ்கேன் லண்டனில் முதல் நோயாளியைப் படம் பிடித்தது. இரண்டும் கட்டியின் உருவத்தைக் காட்டின. அதன் இயல்பைக் காட்டவில்லை.

புற்றுக்கலங்கள் சர்க்கரையை மிகுதியாக உட்கொள்வதை 1920களில் ஜெர்மனியின் ஓட்டோ வார்பர்க் கண்டிருந்தார். பின்னாளில் பெட் ஸ்கேன் இதையே பயன்படுத்திக்கொண்டது. கதிரியக்க ஃபுளோரின் சேர்த்த சர்க்கரையை உடலில் செலுத்தினால், அது அதிகம் சேரும் இடம் படத்தில் ஒளிரும். 1976 ஆகஸ்டில் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் இது முதன்முதலாக மனிதருக்குச் செலுத்தப்பட்டது. அந்த ஃபுளோரினின் வீரியம் 110 நிமிடங்களில் பாதியாகக் குறைந்துவிடும். எனவே நியூயோர்க் மாநிலத்தின் புரூக்ஹேவன் ஆய்வுகூடத்தில் தயாரித்த மருந்தை ஃபிலடெல்ஃபியாவுக்கு விமானத்தில் கொண்டு சென்றார்கள்.

அன்று வெறும் பரிசோதனை முயற்சியாக இருந்தது, பின்னர் நுரையீரல் புற்றுநோய்ச் சிகிச்சையின் போக்கையே மாற்றியது. 2002இல் லான்செட் இதழில் வெளியான நெதர்லாந்து ஆய்வில் 188 நோயாளிகள் பங்கேற்றனர். வழமையான பரிசோதனைகளை மட்டும் செய்த பிரிவில் 41 வீதத்தினருக்குப் பயனற்ற நெஞ்சறுவைச் சிகிச்சை நடந்தது. பெட் ஸ்கேனையும் சேர்த்துச் செய்த பிரிவில் அது 21 வீதமாகக் குறைந்தது. ஆயினும் ஒளிர்வதெல்லாம் புற்றல்ல, காசநோயும் ஒளிரும். திசுப் பரிசோதனை அவசியம்.

இனி மலையகத்துக்கு வருவோம். லயத்து அடுப்பின் விறகுப் புகை அநேகமாகப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்பது சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகத்தின் வகைப்படுத்தல். ஆனால், நாட்சம்பளத்தை இழந்து வைத்தியசாலைக்குப் போகத் தயங்கும் தொழிலாளியின் இருமல், மாதக்கணக்கில் வெறும் இருமலாகவே இருந்துவிடுகிறது. 2016இல் மஹரகம புற்றுநோய் வைத்தியசாலைக்குப் பெட் ஸ்கேன் இயந்திரம் வாங்கவென நாடெங்கும் பொதுமக்களிடம் நிதி திரட்டப்பட்டது. 2017 மே மாதம் டிக்கோயாவில் இந்திய உதவியுடன் கட்டப்பட்ட 150 படுக்கை வைத்தியசாலையைப் பிரதமர் மோடி திறந்து வைத்தார். இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள மலைப்பாதைதான் இன்றைய பிரச்சினை.

பெட் இயந்திரம் ஹட்டனுக்கு வரவேண்டும் என்று நான் கேட்கவில்லை. மூன்று வாரம் தொடரும் இருமலுக்குத் தோட்ட மருந்தகத்திலிருந்தே ஒரு நெஞ்சுப் படத்துக்கு அனுப்புவதும், சந்தேகம் எழுந்தால் சம்பளம் இழக்காமல் கொழும்பு சென்றுவர வழிசெய்வதும் போதும். 1976இல் மருந்துக்கு விமானம் ஏற்பாடு செய்தார்கள். நோயாளிக்கு நாம் வாகனமாவது ஏற்பாடு செய்யலாம்.