துறைமுகமும் மக்களும்: லிவர்பூல் நகரின் சனத்தொகை மாற்றமும் உல்லாசப் பயண வளர்ச்சியும்

இங்கிலாந்தின் வடமேற்குக் கரையில், மேர்சி ஆறு கடலொடு கலக்குமிடத்தில் அமைந்துள்ள லிவர்பூல் நகரின் சனத்தொகை, 1931ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி 855,688 ஆகும். எழுபது ஆண்டுகள் கழித்து, 2001இல், அத்தொகை 439,473 ஆகக் குறைந்திருந்தது. நாட்டின் மொத்தச் சனத்தொகை பெருகிக்கொண்டிருந்த காலத்தில், ஒரு பெருநகர் தன் மக்களில் ஏறத்தாழச் செம்பாதியினரை இழந்தது. ஆயின், அதற்கு ஏழாண்டுகளின் பின், 2008இல், அதே நகர் ஐரோப்பியப் பண்பாட்டுத் தலைநகராக விளங்கியது. அவ்வாண்டின் நிகழ்ச்சிகளால் மேலதிகமாக 97 இலட்சம் வருகைகள் நிகழ்ந்தனவென அந்நகர்ப் பல்கலைக்கழகங்கள் இரண்டு கூட்டாக நடத்திய ஆய்வு மதிப்பிட்டது. குடியிருந்தோர் நீங்கிய நகருக்கு விருந்தினர் திரண்டு வந்தனர். இவ்விரு போக்குகளுக்குமிடையே உள்ள தொடர்பு யாது? துறைமுகம் அளித்த வாழ்வை உல்லாசப் பயணத்துறை ஈடுசெய்யுமா? இவ்வினாக்களுக்கு விடை காண்பதற்கு, துறைமுகம் அந்நகரில் மக்களை எவ்வாறு சேர்த்தது என்பதை முதற்கண் ஆராய்தல் வேண்டும்.

துறைமுகத்தின் எழுச்சி

1207இல் ஜோன் மன்னன் வழங்கிய பட்டயத்தினால் லிவர்பூல் ஒரு பட்டினமாயிற்று. எனினும் அடுத்த நான்கு நூற்றாண்டுகளுக்கு அது சிற்றூராகவே இருந்தது. மேர்சி ஆற்றின் முகத்தில் கடலின் வற்றுப்பெருக்கு மிகப் பெரிது. பெருக்கின்போது உயரும் நீர்மட்டம், வற்றும்போது பல மீற்றர் தாழ்ந்துவிடும். கரையோரம் நின்ற கப்பல்கள் சேற்றில் தங்கிவிடும். பண்டங்களை ஏற்றலும் இறக்கலும் பெருந்தொல்லையாயின. இத்தடையை நீக்கும் வகையில், வாயிற்கதவுகளால் நீரைத் தேக்கி வைத்து, கப்பல்களை எந்நேரமும் மிதக்கச் செய்யும் மூடிய கப்பற்றுறை ஒன்று 1715இல் அங்குத் திறக்கப்பட்டது. தோமஸ் ஸ்ரீயர்ஸ் என்னும் பொறியியலாளர் அமைத்த இத்துறையே வணிகத்தின் பொருட்டு அமைக்கப்பட்ட இவ்வகைத் துறைகளுள் உலகில் முதலாவதென்பர்.

இத்துறைக்கு வேண்டிய செல்வத்தை அளித்த வாணிபம் யாதென்பதை மறத்தலாகாது. 1699இல் லிவர்பூலிலிருந்து அடிமைக் கப்பல் ஒன்று ஆபிரிக்காவுக்குப் புறப்பட்டது. 1807இல் பிரித்தானியப் பாராளுமன்றம் அடிமை வாணிபத்தைத் தடைசெய்யும்வரை, ஏறத்தாழ 5,000 பயணங்களில், 15 இலட்சம் அளவான ஆபிரிக்கரை லிவர்பூற் கப்பல்கள் அத்திலாந்திக் கடலுக்கு அப்பால் கொண்டுசென்றன. துணியும் உலோகப் பொருள்களும் ஆபிரிக்காவுக்குச் சென்றன. அடிமைகள் மேற்கிந்தியத் தீவுகளுக்கும் அமெரிக்காவுக்கும் சென்றனர். சீனியும் பருத்தியும் புகையிலையும் லிவர்பூலுக்குத் திரும்பின. விற்கப்பட்ட மனிதருள் மிகப் பெரும்பாலோர் அந்நகரைக் கண்ணாலும் கண்டிலர். அவர்களை விற்றுப் பெற்ற இலாபமோ அந்நகரின் மாளிகைகளாகவும் வங்கிகளாகவும் உருப்பெற்றது. நகர மண்டபத்தின் புறச்சுவரிலே செதுக்கப்பட்டுள்ள ஆபிரிக்க முகங்களும் யானைகளும் இதற்குச் சான்றாக உள்ளன.

அடிமை வாணிபம் முடிவுற்ற பின்னரும் அடிமைகளின் உழைப்பு லிவர்பூலை வளர்த்தது. அமெரிக்கத் தென்மாநிலங்களில் அவர்கள் விளைவித்த பருத்தி, லிவர்பூல் வழியாக லங்காஷயர் ஆலைகளைச் சென்றடைந்தது. 1830இல் லிவர்பூலுக்கும் மான்செஸ்ரருக்குமிடையே புகையிரதப் பாதை திறக்கப்பட்டதற்கும் இவ்வாணிபமே முதன்மையான காரணமாயிற்று. 1846இல் ஜெஸி ஹாட்லி என்னும் பொறியியலாளரால் அல்பேட் கப்பற்றுறை அமைக்கப்பட்டது. மரத்தைத் தவிர்த்து, இரும்பாலும் செங்கல்லாலும் கருங்கல்லாலும் கட்டப்பட்ட அதன் பண்டகசாலைகள் தீக்கு அஞ்சாதவை. இப்பண்டகசாலைகளே பிற்காலத்தில் உல்லாசப் பயணிகளின் முதன்மை இலக்காகின என்பது பின்னர் விளக்கப்படும்.

வந்தோரும் கடந்து சென்றோரும்

1801இல் 80,000 அளவிலிருந்த நகரின் சனத்தொகை 1851இல் ஏறத்தாழ 376,000 ஆகவும், 1901இல் ஏறத்தாழ 685,000 ஆகவும் உயர்ந்தது. நகரெல்லை விரிவும் இப்பெருக்கத்திற்கு ஒரு காரணமெனினும், குடிவரவே பெருங் காரணமாகும். அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பயிர் அழிந்து பஞ்சம் நிலவிய 1847ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 300,000 அயர்லாந்தர் லிவர்பூலில் வந்திறங்கினர். அவர்களுட் பலர் அமெரிக்காவுக்குச் சென்றனர். கப்பற்கட்டணம் செலுத்த இயலாத வறியோர் நிலவறைகளிலும் நெருக்கமான குடியிருப்புகளிலும் தங்கி, காய்ச்சலுக்கும் வயிற்றோட்டத்திற்கும் இரையாயினர். பிரித்தானியாவின் முதலாவது சுகாதார வைத்திய அதிகாரியாக வில்லியம் டங்கன் அதே ஆண்டில் அந்நகரில் நியமனம் பெற்றமை தற்செயலன்று.

1830க்கும் 1930க்கும் இடையில் 90 இலட்சம் அளவான மக்கள் லிவர்பூலிலிருந்து புதிய நாடுகளுக்குக் கப்பலேறினர். அயர்லாந்தரோடு ஸ்கண்டினேவியரும் ஜெர்மானியரும் கிழக்கைரோப்பிய யூதரும் இவர்களுள் அடங்குவர். இவர்கள் கப்பலுக்காகக் காத்திருந்த நாள்களில் தங்கிய விடுதிகளும், உணவு விற்ற கடைகளும், பயணப் பொருள்களை விற்ற வணிகரும், அறியாதாரை ஏமாற்றிப் பிழைத்த தரகரும் நகரின் பொருளாதாரத்தில் ஓரங்கமாயினர். எனவே, கடந்து செல்வோரைக் கொண்டு வருவாய் தேடுதல் லிவர்பூலுக்குப் புதிய தொழிலன்று. அன்று கடந்து சென்றோர் வறுமையினின்று தப்ப முயன்றோர். பிற்காலத்தில் வந்தோர் ஓய்வை நாடியோர். இவ்வேறுபாடு கருதத்தக்கது.

துறைமுகம் மக்களைத் தன் அருகே வைத்திருந்த முறையும் ஆராயத்தக்கது. துறைமுகத் தொழிலாளருட் பெரும்பாலோர்க்கு நிலையான வேலை இருக்கவில்லை. குறித்த நேரங்களில் குறித்த இடத்தில் அவர்கள் கூடி நிற்க, மேற்பார்வையாளர் வேண்டிய அளவினரைத் தெரிந்தெடுப்பர். ஏனையோர் வெறுங்கையுடன் வீடு திரும்புவர். பல கப்பல்கள் ஒருங்கே வரும் நாளிலும் ஆட்பற்றாக்குறை ஏற்படாதிருத்தல் முதலாளிமாரின் நலனுக்கு உகந்ததாகும். ஆகவே, வேலைக்கு வேண்டியவரிலும் மிகையானோர் துறைமுகத்தை அண்டியே வாழ நேர்ந்தது. பெருஞ் சனத்தொகை நகரின் செழிப்பை மட்டுமன்றி, அதன் உழைப்பாளரின் நிலையின்மையையும் உணர்த்தியது. நீண்ட போராட்டங்களின் பின், 1947இல் ஏற்படுத்தப்பட்ட தேசியத் துறைமுகத் தொழிலாளர் திட்டம் இந்நிலையை ஓரளவு மாற்றியது.

சரிவு

லிவர்பூலின் சரிவு ஒரு நாளில் நிகழ்ந்ததன்று. வைற் ஸ்ரார் நிறுவனம் 1907இலும், குனார்ட் நிறுவனம் 1919இலும் தம் முதன்மையான பயணிகள் கப்பற் சேவைகளைச் சவுதாம்ப்ரன் துறைமுகத்திற்கு மாற்றின. 1941 மே மாதத்து ஒருவார விமானத் தாக்குதலில் ஏறத்தாழ 1,700 பேர் மாண்டனர். துறைமுகமும் குடியிருப்புகளும் பெருஞ் சேதமுற்றன. போரின் பின், நெருக்கமான குடியிருப்புகளை அகற்றிய அரசு, மக்களைக் கேர்க்பி, ஸ்கெல்மேர்ஸ்டேல், ரண்கோன் முதலிய புறநகர்களிலும் புதிய நகர்களிலும் குடியேற்றியது. ஆகவே, சனத்தொகை குறைந்ததற்குத் தொழிலின் வீழ்ச்சி மட்டுமே காரணமெனக் கொள்ளுதல் தவறாகும். நகரெல்லையைக் கடந்தோருட் பலர் சில மைல்களுக்கு அப்பாலே வாழ்ந்தனர்.

எனினும், 1970களில் நிகழ்ந்தது வேறு வகையானது. பிரித்தானியா 1973இல் ஐரோப்பியப் பொதுச்சந்தையிற் சேர்ந்தது. வாணிபத்தின் திசை கிழக்கும் தெற்கும் நோக்கித் திரும்ப, மேற்குக் கரைத் துறைமுகம் பின்தள்ளப்பட்டது. கொள்கலன் முறையோ துறைமுகத் தொழிலையே மாற்றிவிட்டது. முன்னர்ப் பலர் பல நாள் உழைத்து இறக்கிய பண்டங்களைப் பாரந்தூக்கி ஒன்று சிலமணி நேரத்தில் இறக்கியது. நகரின் வடக்கே சீபோத்தில் கொள்கலன்களுக்கென ஆழ்துறை அமைக்கப்பட, அல்பேட் உள்ளிட்ட தென்புறக் கப்பற்றுறைகள் 1972இல் மூடப்பட்டன. 1971இல் ஏறத்தாழ 610,000 ஆகவிருந்த சனத்தொகை பத்தாண்டுகளில் ஐந்து இலட்சத்தை அண்மித்தது.

1981இல் லவ் லேன் சீனிச் சுத்திகரிப்பு ஆலை மூடப்பட்டது. மேற்கிந்தியக் கரும்போடு தொடங்கிய நீண்ட தொடர்பொன்று அத்துடன் அறுந்தது. அவ்வாண்டு யூலையில் ரொக்ஸ்ரெத் பகுதியில் பெருங் கலகம் மூண்டது. வேலையின்மையும், கறுப்பின இளைஞர்மீது பொலிசார் காட்டிய கடுமையும் அதற்குக் காரணங்களாயின. அந்நகரைத் திட்டமிட்டுச் சரியவிடும் வழியையும் தள்ளிவிடலாகாது என நிதியமைச்சர் ஜெப்ரி ஹௌ பிரதமருக்குக் கருத்துத் தெரிவித்திருந்தமை, 2011இல் அரச ஆவணங்கள் வெளியிடப்பட்டபோது தெரியவந்தது. சுற்றாடல் அமைச்சர் மைக்கல் ஹெசல்ரைன் இதற்கு மாறான கருத்துடையவர். அவர் 1981இல் அமைத்த மேர்சிசைட் அபிவிருத்திக் கூட்டுத்தாபனம் பாழடைந்த கப்பற்றுறைகளைப் பொறுப்பேற்றது.

வீடா, விருந்தினரா?

உல்லாசப் பயணத்துறையின் எழுச்சி இங்கிருந்து தொடங்குகின்றது. 1984இல் நடைபெற்ற சர்வதேசப் பூங்கா விழாவுக்கு 30 இலட்சத்திற்கு மேற்பட்டோர் வந்தனர். அவ்வாண்டே அல்பேட் கப்பற்றுறையின் ஒரு பகுதி கடைகளுடன் மீளத் திறக்கப்பட்டது; 1988இல் ரேற் கலைக்கூடத்தின் கிளை அங்கு அமைந்தது. பீற்றில்ஸ் இசைக்குழு 292 தடவை பாடிய கவேண் நிலவறை, சுரங்கப் புகையிரதப் பாதைக்குக் காற்றுக்குழாய் அமைப்பதற்கென 1973இல் மூடப்பட்டு இடிக்கப்பட்டது. அக்குழாய் அங்கு அமைக்கப்படவேயில்லை. 1984இல் அந்நிலவறை மீளக் கட்டப்பட்டது. பதினோராண்டுகளுக்குள் நகர் தன் கடந்த காலத்தை மதித்த முறை எவ்வளவு மாறியதென்பதற்கு இஃதொன்றே சான்றாகும்.

இக்காலத்திலேயே இதற்கு எதிரான கொள்கையும் அந்நகரில் செயற்பட்டது. 1983இல் மாநகரசபையைக் கைப்பற்றிய தொழிற்கட்சியின் இடதுசாரிகள், வீடமைப்புக்கே முதலிடம் அளித்தனர். ஏறத்தாழ 5,000 வீடுகள் கட்டப்பட்டன. மத்திய அரசுடன் மோதி, வரி விதிப்பைத் தாமதித்தமைக்காக 47 உறுப்பினர்கள் 1987இல் பதவியிழந்தனர். அவர்தம் நிதி நிர்வாகம் கண்டனத்திற்குரியதே. ஆயினும், நகர் முதலில் யாருக்காகக் கட்டப்படல் வேண்டும் என்று அவர்கள் எழுப்பிய வினா அவர்களது தோல்வியோடு மறைந்துவிடவில்லை. பீற்றில்ஸ் குழுவின் போல் மக்கார்ட்னி இளமையில் வாழ்ந்ததும் மாநகரசபை கட்டிய வாடகை வீடொன்றே; அவருடைய தந்தை பருத்தி விற்பனையாளர்; ஜோன் லெனனின் தந்தை கப்பற்றொழிலாளி. அவ்வாடகை வீட்டை 1995இல் தேசிய மரபுரிமை நிறுவனமொன்று வாங்கிப் பேணத் தொடங்கியது. துறைமுகமும் பொது வீடமைப்பும் உருவாக்கிய வாழ்வே பின்னர்க் காட்சிப்பொருளாயிற்று.

அதே 1995ஆம் ஆண்டு செப்ரெம்பரில், மறியல் வரிசையைக் கடக்க மறுத்த ஏறத்தாழ 500 துறைமுகத் தொழிலாளர் வேலைநீக்கம் செய்யப்பட்டனர். தேசியத் துறைமுகத் தொழிலாளர் திட்டம் 1989இல் நீக்கப்பட்டிருந்தமையால் அவர்களுக்குப் பழைய பாதுகாப்பு இருக்கவில்லை. 1998 சனவரிவரை நீடித்த அப்போராட்டம் தோல்வியில் முடிந்தது. பழைய கப்பற்றுறையில் துறைமுகத்தின் வரலாறு பயணிகளுக்குக் காட்டப்பட்டுக்கொண்டிருக்க, புதிய கப்பற்றுறையில் அவ்வரலாற்றின் வாரிசுகள் வாயிலுக்கு வெளியே நின்றனர்.

2004இல் லிவர்பூலின் வாணிபத் துறைமுகப் பகுதி உலக மரபுரிமைச் சின்னமாயிற்று. 2008இன் விழாவாண்டு நகரின் பெயரை உயர்த்தியது. ஆயின், கப்பற்றுறை நிலங்களில் எழுந்த புதிய கட்டடத் திட்டங்கள் மரபுரிமைப் பகுதியின் பெறுமதியைக் குலைப்பதாகக் கருதிய யுனெஸ்கோ, 2021இல் லிவர்பூலைப் பட்டியலினின்று நீக்கியது. இவ்வாறு நீக்கப்பட்ட மூன்றாவது இடம் அதுவாகும். அத்திட்டங்களுள் ஒன்றான எவேற்றன் உதைபந்தாட்ட அரங்கு 2025இல் திறக்கப்பட்டது. பழைமையைப் பேணி விருந்தினரை ஈர்ப்பதா, புதியன கட்டி வேலைவாய்ப்பைத் தேடுவதா என்ற சிக்கல் தீர்ந்தபாடில்லை.

மதிப்பீடு

உல்லாசப் பயணத்துறை பயனற்றதெனக் கூறுதல் பொருந்தாது. பாழாய்க் கிடந்த பண்டகசாலைகள் அதனாலேயே உயிர் பெற்றன. மறைக்கப்பட்ட உண்மைகள் பேசப்படவும் அது இடமளித்தது. மாநகரசபை 1999இல் அடிமை வாணிபத்தில் நகருக்கிருந்த பங்கிற்காக மன்னிப்புக் கோரியது. 2007இல் அல்பேட் கப்பற்றுறையிலேயே சர்வதேச அடிமைமுறை நூதனசாலை திறக்கப்பட்டது. சனத்தொகையும் 2011இல் 466,415 ஆகவும், 2021இல் ஏறத்தாழ 486,100 ஆகவும் உயர்ந்தது. ஆயின், இவ்வுயர்வை உல்லாசப் பயணத்தின் விளைவென்று மட்டும் கொள்ள இயலாது. பல்கலைக்கழகங்களை நாடி வந்த மாணவரும், நகர மையத்து மாடிக்குடியிருப்புகளில் குடியேறிய இளைஞரும் அதில் முக்கிய பங்கினராவர்.

விடுதிகளும் உணவகங்களும் அளிக்கும் வேலையின் இயல்பு இங்கு ஆழ்ந்து நோக்கத்தக்கது. பிரித்தானியாவில் இத்துறைகளில், குறித்த மணிநேர உத்தரவாதமற்ற ஒப்பந்தங்கள் பரவலாகவுள்ளன. கூட்டமுள்ள நாளில் அழைப்பு, இல்லாத நாளில் ஊதியமின்மை என்னும் இம்முறை, மேற்பார்வையாளர் முன் கூடிநின்ற துறைமுகத் தொழிலாளரின் நிலையை நினைவூட்டுகின்றது. 2020இல் கொள்ளைநோய்க் காலத்தில் விடுதிகளும் அரங்குகளும் மூடப்பட்டபோது, விருந்தினர் வருகையை நம்பிய வாழ்வு எத்துணை நொய்மையானதென்பதும் புலனாயிற்று.

ஆகவே, தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு விடை இதுவாகும்: உல்லாசப் பயணத்துறை துறைமுகத்தின் கட்டடங்களுக்கு வாழ்வளித்தது, துறைமுக மக்கள் நூறாண்டுகள் போராடிப் பெற்ற தொழிற் பாதுகாப்பை அது மீட்டுத் தரவில்லை. ஒரு நகரின் முன்னேற்றத்தை அங்கு எத்தனை பேர் வந்து சென்றனர் என்பதைக் கொண்டு அளத்தல் போதாது. அங்குப் பிறந்தவரும் வந்து சேர்ந்தவரும் நிலையான தொழிலுடன் அங்கேயே தங்கி வாழ இயலுகின்றதா என்பதே உரைகல்லாதல் வேண்டும். லிவர்பூலின் இரு நூற்றாண்டுக் குடிசன மதிப்புகள் நமக்கு உணர்த்தும் உண்மை இதுவேயாகும்.