கருவிழந்த தாய்க்கு இட்ட பெயர்கள்

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டவன் நான். சில ஆண்டுகளுக்கு முன், தாய்சேய் நலம் குறித்த சிறு வெளியீடு ஒன்று தமிழாக்கத்துக்காக என் மேசைக்கு வந்தது. அதிலே 'ஹாபிச்சுவல் அபார்ஷன்' என்றொரு தொடர். அகராதியின்படி பெயர்த்தால் 'வழக்கமாகக் கருவைச் சிதைத்தல்' என்று வரும். பலமுறை கருவுற்றும் ஒரு மகவையேனும் கையில் ஏந்தப் பெறாத தாய் படிக்கப்போகும் ஏட்டில் அவ்வாறு எழுத எனக்குக் கை எழவில்லை. மகவை இழப்பது ஒருத்தியின் வழக்கமா? இச்சொல் எங்கிருந்து வந்தது, இதற்கு முன் என்ன சொல் இருந்தது என்று தேடப் புகுந்தேன். அத்தேட்டத்தின் பயனே இப்பேச்சு.

நம் நாட்டுப் பழைய நூல்களும் இதில் பின்தங்கவில்லை. சரகர், சுசுருதர் பெயரால் வழங்கும் ஆயுர்வேத நூல்கள் மாதருக்கு உண்டாகும் இருபது வகை யோனி நோய்களை எண்ணுகின்றன. கருத்தரித்த பின்னர்க் கரு மீண்டும் மீண்டும் அழிந்துபடும் நோய்க்கு அங்கே 'புத்ரக்னீ' என்று பெயர். பிள்ளையைக் கொல்வது என்பது பொருள். காரணம் கூறுமிடத்து அந்நூல்கள் உடலின் தோஷங்கள் நிலைகெடுவதையே கூறுகின்றன. கொடுமை காரணத்தில் இல்லை, பெயரில் இருக்கிறது. காசியப சம்ஹிதையோ ஒருபடி மேலே செல்கிறது. 'ஜாதஹாரிணி' எனும் பிள்ளைகவரும் சக்தி அறநெறி தவறிய பெண்ணைப் பற்றிக்கொள்ளும் என்பது அதன் கூற்று. மருத்துவன் நீதிபதியாகிவிட்ட இடம் அது.

இனி, பம்பாய்க்கு வருவோம். 1899-ஆம் ஆண்டு கோவாவின் ஷிரோடா என்னும் ஊரில் பிறந்த விட்டல் நாகேஷ் ஷிரோத்கர், பம்பாய் கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் மகப்பேற்று மருத்துவப் பேராசிரியராக விளங்கியவர். நான்காம் மாதத்துக்கும் ஏழாம் மாதத்துக்கும் இடையே திரும்பத் திரும்பக் கருவிழக்கும் மாதர் சிலரை அவர் கண்டார். படுக்கையில் ஓய்வு, ஹார்மோன் மருந்து ஆகியவையே அக்காலத்து வைத்தியம். இவர்களுக்கு அவை பயன்தரவில்லை. ஷிரோத்கர் அப்பெண்களின் ஊழை ஆராயவில்லை. கருப்பையின் வாயை ஆராய்ந்தார். பேறுகாலம் வரையில் இறுக மூடியிருக்க வேண்டிய அவ்வாய், இவர்களுக்கு வலி ஏதுமின்றியே முன்கூட்டித் திறந்துகொள்வதை உணர்ந்தார். பையிலே குற்றமில்லை, உள்ளிருக்கும் பொருளிலும் குற்றமில்லை. வாயைக் கட்டிய கயிறு தளர்ந்திருக்கிறது, அவ்வளவே. ஆகவே கயிற்றைக் கட்டினார். நோயாளியின் தொடையிலிருந்தே தசையுறைப் பட்டை ஒன்றை எடுத்து, கருப்பை வாயைச் சுற்றிச் செலுத்தி இறுக்கினார்.

இம்முறையை விளக்கும் கட்டுரையை அவர் 1955-இல் வெளியிட்டார். எங்கே தெரியுமா? லண்டனில் அன்று, நம் சென்னையில்! 1904-இல் அங்கே தொடங்கப்பெற்ற 'ஆண்டிசெப்டிக்' என்னும் மருத்துவ இதழில். கட்டுரையின் தலைப்பிலே அவரும் அந்த 'ஹாபிச்சுவல் அபார்ஷன்' என்ற பழஞ்சொல்லையே ஆண்டார் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1957-இல் மெல்போர்ன் மருத்துவர் இயான் மக்டொனால்டு இதனினும் எளிய தையல் முறை ஒன்றை வெளியிட்டார். இன்றும் இவ்விருவர் பெயராலேயே உலகெங்கும் இத்தையல்கள் வழங்குகின்றன. ஷிரோத்கர் 1971-இல் காலமானார்.

சென்னையில் அக்கட்டுரை அச்சேறி ஒன்பது ஆண்டுகள் கழிந்தபின், கும்பகோணத்தை அடுத்த ஒரு கிராமத்தில் என் பெரியம்மா மூன்றாம் முறையாக ஐந்தாம் மாதத்தில் கருவை இழந்தார். நாகதோஷம் என்றார்கள். அரசமரத்தடியில் நாகர் சிலை நாட்டி வழிபட்டார். உறவினர் வீட்டு வளைகாப்புகளில் வளையல் அடுக்கும் வேளையில் அவராகவே அடுக்களைக்குள் சென்றுவிடுவாராம். பிறர் சொல்லும்வரை காத்திருப்பானேன் என்று. அவருக்கு இருந்தது ஷிரோத்கர் கண்ட குறைதானா என்பதை இனி அறுதியிட இயலாது. வலியே இல்லாமல் போயிற்று என்று மட்டும் அவர் சொல்வதுண்டு.

தையல் எல்லார்க்கும் ஏற்ற மந்திரமன்று. 1,292 பெண்களைக் கொண்டு பல நாடுகளில் நடந்த சோதனையின் முடிவு 1993-இல் வெளிவந்தது. முப்பத்துமூன்று வாரங்களுக்கு முன் நேரும் பேறு, தையலிட்டோரில் நூற்றுக்குப் பதின்மூன்று, இடாதோரில் பதினேழு. உற்ற காரணம் உடையோர்க்கே அது உதவும். சோதியாமல் நம்பிய மருந்தின் கதை வேறு. ஸ்டில்பெஸ்ட்ரால் என்னும் செயற்கை ஹார்மோன் கருவைக் காக்கும் என்று 1940-களில் பாஸ்டன் நகரில் புகழப்பட்டது. 1953-இல் சிகாகோவில் 1,600-க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளிடம் சோதித்து, பயனில்லை என்று கண்டனர். கண்ட பின்னும் கொடுத்தனர்! அம்மருந்தை உண்ட தாய்மாரின் புதல்வியரிடம் அரியதொரு புற்றுநோய் தோன்றுவது 1971-இல் வெளிப்பட்டது. எதையாவது செய்தாக வேண்டும் என்று தவிக்கும் தாயிடம் எதையும் விற்றுவிடலாம் போலும்.

இன்று அறிவு விரிந்திருக்கிறது. முதல் மூன்று மாதங்களில் நேரும் இழப்புகளில் ஏறத்தாழப் பாதி, கருவின் குரோமோசோம் பிழையால் நேர்பவை. தாய் நடந்ததாலோ, பளு தூக்கியதாலோ அப்பிழை உண்டாவதில்லை. குருதி உறையும் இயல்பு மிகுவதால் கருவிழப்போர் உண்டு என்பதை 1983 முதல் லண்டன் மருத்துவர் கிரஹாம் ஹியூஸ் குழுவினர் தெளிவாக்கினர். அவர்களுக்கு ஆஸ்பிரினும் ஹெபாரினும் தருகிறார்கள். மூன்று இழப்பு வரை காத்திருக்க வேண்டாம், இரண்டு முறை இழந்தாலே பரிசோதனையை எண்ணலாம் என்று ஐரோப்பிய வல்லுநர்கள் 2017-இல் வகுத்தனர்.

சொற்களும் மெல்ல மாறின. 'அபார்ஷன்' என்ற சொல் தாய்மாரைப் புண்படுத்துகிறது, அதை விட்டுவிடுங்கள் என்று லண்டன் மருத்துவர் சிலர் 1985-இல் 'லான்செட்' இதழில் எழுதினர். கருப்பை வாய்க்கு இட்ட 'தகுதியற்றது' என்னும் அடைமொழியையும் பலர் கைவிட்டு வருகின்றனர். நான் அவ்வெளியீட்டில் 'தொடர் கருவிழப்பு' என்று எழுதினேன். இழந்தவள் தாய் என்பதாவது அதில் இருக்கிறது.

சென்ற விடுமுறையில் ஊருக்குச் சென்றபோது, எண்பதைக் கடந்த பெரியம்மாவிடம் இந்த வரலாற்றையெல்லாம் சொன்னேன். மிகவும் கவனமாகக் கேட்டார். "அந்தத் தையல் எந்த வருஷம் வந்தது?" என்றார். ஐம்பத்தைந்து என்றேன். சற்று நேரம் விரல்விட்டு எண்ணினார்.

"எனக்குக் கல்யாணமே அறுபதிலேதானேடா ஆச்சு" என்றார்.